தொரகொல்லைக்குப் போற வழி

எங்க ஆயாவுக்குப் பொறந்த தேதி தெரியாது. சேரியில அந்தத் தலைமுறையில யாருக்குத்தான் தெரியும்? கேட்டால், "எம்டன் குண்டு போட்டப்ப எங்கம்மா இடுப்புல கீறேன்" என்று சொல்லும். ஜெர்மன்காரனின் எம்டன் கப்பல் சென்னையின் மீது குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22 ராத்திரி. இடுப்புக் குழந்தை என்றால் ரெண்டு வயசு. அப்படியானால் ஆயா 1912 வாக்கில் பிறந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் யாருடைய வயசையும் இப்படித்தான் கணக்குப் போட்டு எடுக்க முடியும்.

படப்பைப் பக்கம் எங்கள் சனத்துக்கென்று ஒரு காலண்டர் உண்டு. தாது வருஷப் பஞ்சம், எம்டன், சப்பான்காரன் பயத்துல பட்டணமே காலியான வருஷம், எம்.ஜி.ஆரைச் சுட்ட வருஷம், எம்பத்தஞ்சு வெள்ளம், பெரும்புதூர்ல ராஜீவ் காந்தி செத்த வருஷம் என்று அது போகும். இப்போ அதில் 2015 டிசம்பர் வெள்ளமும் சேர்ந்துவிட்டது. நம்மிடம் பத்திரம் இல்லை, கல்வெட்டு இல்லை, செப்பேடு இல்லை. மணிமங்கலத்தில் பல்லவன் சாளுக்கியனை ஜெயித்தது 7-ஆம் நூற்றாண்டு என்று புத்தகத்தில் இருக்கிறது. அதே மண்ணில் ஏர் ஓட்டினவன் யாரு, அவன் பொண்டாட்டி பேரு என்ன என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது கிழவன் கிழவி வாயில்தான் இருக்கிறது. வாய்மொழியும் வரலாறுதான் என்று தொண்ணூறுகளில் நாம் எல்லாரும் உரக்கச் சொன்னோம். நானும் சொன்னேன். டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு சேரி சேரியாகப் போனவர்களில் நானும் ஒருத்தன்.

ஆனால் ஒன்றை நாம் யோசிக்கவில்லை. கிழவி வாயில் இருக்கிற வரலாறும் கிழவியோடு சேர்ந்தே கிழடாகும். அறுபதில் சொன்னதை எண்பதில் அப்படியே சொல்ல மாட்டாள். எது மாறுகிறது, எது நிற்கிறது, ஏன் மாறுகிறது? அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். என்னிடம் இருக்கிற சாட்சி ஒரே ஒரு நிலம். அதைப் பற்றி ஒரே கிழவி வெவ்வேறு காலத்தில் சொன்ன கதைகள். அதோடு என் பங்குக்கு நான் சொன்ன ஒரு பொய். பொய் என்று தெரியாமல் சொன்ன பொய்.

1

முதல் கதை நான் எட்டு வயசுப் பையனாக இருந்தபோது கேட்டது. 1975 வாக்கில். ஆயாவுக்கு அறுபது தாண்டியிருந்தது. இன்னும் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ராத்திரி திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து வெத்தலை இடித்துக்கொண்டே சொல்லும்.

"ரெண்டு ஏக்கரா இருந்துதுடா கண்ணு நமக்கு. உங்க தாத்தனோட அப்பன் காலத்து நெலம். பெருமழ வந்த வருசம் ஊட்ல ஒரு மணி நெல்லு இல்ல. ஆண்டை ஊட்ல நாலு மூட்ட நெல்லு வாங்கனாரு உங்க தாத்தா. காயிதத்துல கைநாட்டு வைடான்னான். வச்சாரு. அறுப்புக்குப் போனா, என் நெலத்துல உனக்கு இன்னாடா வேலன்னு அருவாளப் புடுங்கிகினான். அவன் வம்சம் வெளங்குமா?"

பெருமழை வருசம் என்றால் 1943. அந்த அக்டோபரில் சென்னையில் அடையாறும் கூவமும் பெருக்கெடுத்தன. அடையாறு உற்பத்தியாவதே எங்கள் பக்கத்து ஏரிகளில்தான். இந்தக் கதையைச் சொல்லும்போது ஆயாவின் இடிகல்லு சத்தம் கூடிவிடும். சாபம் விடும்போது எச்சிலைத் துப்பும். அந்தக் கதையில் குற்றவாளி யாரு, பறிகொடுத்தவன் யாரு என்பதில் துளி சந்தேகம் இருக்காது.

2

ரெண்டாவது கதை 1994-இல்.

அந்த வருஷம் அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் நடந்தது இதைப் படிக்கிற பலருக்கும் தெரியும். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய மக்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை ரெண்டு பேரும் உயிரை விட்டார்கள். அதுவரை 'பஞ்சமி நிலம்' என்ற சொல்லே எங்கள் சேரிக்கு வந்து சேரவில்லை. அதற்குப் பிறகுதான் கூட்டத்துக்குக் கூட்டம் அந்தக் கதை பேசப்பட்டது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்கீர் 1891-இல் பறையர்களின் நிலைமை பற்றி அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். குடியிருக்கிற குடிசை மண்கூட மிராசுதாரனுக்குச் சொந்தம், எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி பண்ணச் சொல்லுவான், கடனுக்கு ஆளையே அடமானம் எழுதி வாங்கிக்கொள்ளுகிறான் என்றெல்லாம் அதில் எழுதினார். அடிமை முறிச் சீட்டுகளையே அதில் சேர்த்து அனுப்பினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி அரசாணை 1010 வந்தது. அந்த வழியில் ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கு நிலம் கொடுக்கப்பட்டது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அப்புறம் விற்றாலும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரனுக்குத்தான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. மீறி விற்றால் அந்த விற்பனை செல்லாது. இது எங்கள் மாவட்டத்திலிருந்து கிளம்பின சட்டம். நூறு வருஷம் கழித்துத்தான் எங்கள் காதுக்கு வந்தது.

எனக்கு அப்போ இருபத்தேழு வயசு. ரத்தம் கொதித்தது. நம்ம ரெண்டு ஏக்கராவும் பஞ்சமி நிலமாக இருந்தால்? டேப் ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு நேராக ஆயாவிடம் போனேன். ஆயாவுக்கு எண்பது தாண்டியிருந்தது. கண்ணில் புரை விழுந்து, வெயிலில் உட்கார்ந்திருந்தது. மெஷினை வைத்துவிட்டு, "ஆயா, அந்த நெலத்த எப்படிப் புடுங்கனாங்கன்னு சொல்லு" என்றேன்.

"இன்னாத்துக்கு நைனா இப்ப அதெல்லாம்? அவுரு ஒண்ணும் புடுங்கல. ஆண்டை தங்கமான மனுசன். மழைல செத்துருப்போம், நெல்லு குடுத்தாரு. நாமதான் வச்சிக்கங்க சாமின்னு குடுத்துட்டோம். பண்டிகைன்னா துணி எடுத்துக் குடுப்பாரு. அந்த மாதிரி மனுசன் இப்ப யார் கீறாங்க?"

எனக்கு மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. அதே வாய். அதே நாலு மூட்டை நெல்லு. அருவாள் மட்டும் காணாமல் போயிருந்தது. நான் கோபத்தில் கத்தினேன். "நீதான ஆயா எச்சி துப்பிச் சொன்ன?" என்றேன். ஆயா என் பக்கம் திரும்பவே இல்லை. டேப் ஓடிக்கொண்டே இருந்தது. இன்றைக்கும் அந்தக் கேசட்டில் என் கத்தல்தான் பெரிசாகக் கேட்கிறது.

வயசானதால் மறந்துவிட்டது என்று அன்றைக்கு எழுதி வைத்தேன். அது தப்பு என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆனது.

3

மனசைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஒன்று சொல்கிறார்கள். வயசாகும்போது எல்லா நினைவும் ஒரே மாதிரி தேய்வதில்லை. நேற்று என்ன சாப்பிட்டோம், சாவியை எங்கே வைத்தோம், எதிரில் வருகிறவன் பேரு என்ன என்பதெல்லாம் முதலில் தடுமாறும். சொல்வளம், பழமொழி, கைத்தொழில் இதெல்லாம் கடைசி வரைக்கும் கூட வரும். எண்பது வயசுக் கிழவி நாத்து முடி போடுவதை மறக்க மாட்டாள். வயசானவர்களிடம் வாழ்க்கையைச் சொல்லச் சொன்னால், பத்து வயசுக்கும் முப்பது வயசுக்கும் நடுவில் நடந்ததுதான் அதிகமாக வெளியே வரும். இன்னொன்றும் உண்டு. லாரா கார்ஸ்டென்சன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும், வயசாக ஆக மனுசன் கசப்பைத் தள்ளி வைத்து இனிப்பானதை அதிகம் நினைத்துக்கொள்கிறான் என்று காட்டியிருக்கிறார்கள். மிச்சம் இருக்கிற நாள் கொஞ்சம்தான், அதில் எதற்குப் புண்ணைச் சொறிந்துகொண்டிருக்க வேண்டும் என்று மனசே முடிவு பண்ணிவிடுகிறதாம்.

ஆயாவின் ரெண்டாவது கதைக்கு இது ஒரு விளக்கம். பாதி விளக்கம்தான்.

மிச்சப் பாதி சேரியில் இருக்கிறது. 1994-இல் ஆயா எதைச் சாப்பிட்டது? தாத்தா செத்துப்போயிருந்தார். முதியோர் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. அந்தத் திட்டம் 1962-இலிருந்தே இருக்கிறது என்றாலும், ஆதரவற்றவர் என்று எழுதிக் கொடுக்க ஊருக்குள் இருக்கிறவர்களின் வாய்ச்சொல் வேண்டும். எங்க அம்மா அப்போதும் அதே ஆண்டை வீட்டுக் கொல்லையில் கூலி. நானோ ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தவன். காரணையில் ரெண்டு பேர் செத்த சேதி ஆயாவுக்கும் வந்திருந்தது. பேரன் மெஷினை வைத்துக் கேட்கும்போது அது பேரனின் உயிரைத்தான் பார்த்திருக்கும். நெலம் போனா போகுது, பையன் இருக்கட்டும் என்று நினைத்திருக்கும். மறதி மாதிரி தெரிந்தது, கணக்காகவும் இருந்திருக்கலாம். மறந்ததா, மறைத்ததா, தன்னையே அப்படி நம்பவைத்துக்கொண்டதா? மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்க இப்போ என்னால் முடியாது. ஆயாவாலும் முடிந்திருக்காது.

பாண்டிச்சேரிப் பக்கத்துக் கிராமத்துக் கூலிப்பெண் வீரம்மாவின் வாழ்க்கைக் கதை உங்களில் சிலர் படித்திருக்கலாம். ஜோசியான் ரசீன் என்ற தமிழ்ப் பெண்ணிடம் பல வருஷம் உட்கார்ந்து வீரம்மா சொன்னது. 1995-இல் பிரெஞ்சிலும் 1997-இல் ஆங்கிலத்திலும் புத்தகமாக வந்தது. பன்னிரண்டு பிள்ளை பெற்று மூன்றே பிள்ளையைக் காப்பாற்ற முடிந்த அம்மா அது. ஆண்டையைப் பற்றிப் பேசும்போது அந்த அம்மாவின் பேச்சில் மரியாதையும் வரும், வலியும் வரும். அரசியல் பேசுகிற மகனுக்கு அது ஒத்துக்கொள்ளாது. அதைப் படித்தபோது எங்கள் வீட்டுத் திண்ணைதான் என் கண்ணில் தெரிந்தது. அம்மாவின் நினைவோடு மகனுக்கு இருக்கிற சண்டை நம் சேரிகளில் வீட்டுக்கு வீடு நடந்தது. அம்மாவை அடிமைப் புத்தி என்று திட்டிவிட்டு நாம் மேடைக்குப் போனோம். அந்தப் பேச்சுக்குள் என்ன இருக்கிறது என்று நின்று கேட்கவில்லை.

4

மூன்றாவது கதையை ஆயா வாயால் சொல்லவில்லை. காலால் சொன்னது.

1997-இல் அதற்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. முதலில் கஞ்சி குடித்ததை மறந்து மறுபடி கேட்டது. அப்புறம் அம்மாவை யாரு என்று கேட்டது. என்னை, சின்ன வயசிலேயே காலராவில் செத்துப்போன தன் தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. ஏழெட்டு மாசத்தில் 1994 போயிற்று, 1975 போயிற்று, தாத்தா செத்ததும் போயிற்று. "உங்க தாத்தா இன்னும் வயலாண்டேர்ந்து வரலியா?" என்று கேட்கும்.

தியோடூல் ரிபோ என்ற பிரெஞ்சுக்காரர் 1881-லேயே இதை எழுதியிருக்கிறார். நினைவு அழியும்போது கடைசியாக வந்தது முதலில் போகும், முதலில் வந்தது கடைசியில் போகும். புதிய நினைவைப் பதிய வைக்கிற பகுதி மூளைக்குள் ஒன்று இருக்கிறது. ஹிப்போகேம்பஸ் என்று பேரு. மறதி நோய் பல சமயம் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் தின்கிறது என்பது பிற்பாடு தெரிந்தது. மண் சுவர் மழையில் கரைகிற மாதிரிதான். மேலே பூசின சாணமும் சுண்ணாம்பும் முதலில் போகும். அடியில் மிதித்து வைத்த பழைய மண் கடைசி வரைக்கும் நிற்கும்.

ஆயாவிடம் அப்படி நின்றது ரெண்டு.

ஒண்ணு பயம். ஒரு நாள் சாயங்காலம் கையைப் பிடித்து ரோட்டில் கூட்டிப்போனேன். எதிரில் ஊர்ப் பையன் ஒருத்தன் சைக்கிளில் வந்தான். பதினஞ்சு வயசிருக்கும். ஆயா என் கையை உதறிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ரோட்டை விட்டு இறங்கிப் பள்ளத்தில் நின்றது. எண்பத்தஞ்சு வயசில். அவன் போன பிறகும் ஏறவில்லை. அந்தப் பையன் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் நினைவு தெரிந்து ஆயா யாருக்காகவும் ரோட்டை விட்டு இறங்கினதில்லை. அறுபதுகளிலேயே எங்கள் சேரிக்காரர்கள் அந்த வழக்கத்தைச் சண்டை போட்டு நிறுத்திவிட்டார்கள் என்று அப்பா சொல்வார். ஜெயித்தது மறந்துவிட்டது. பயந்தது மட்டும் உடம்பில் இருந்தது.

ரெண்டாவது நிலம். பொழுது சாய்ந்தால் ஆயாவைத் திண்ணையில் பிடித்து வைக்க முடியாது. "மாடு பூந்துடும், மாடு பூந்துடும்" என்று கிளம்பிவிடும். எங்கே போறே என்று கேட்டால், "தொரகொல்லைக்கு" என்று சொல்லும். அந்தப் பேரை நான் அதுவரை கேட்டதே இல்லை. ஏரிக்கரையில் ஏறி, மதகைத் தாண்டி, கால்வாயை ஒட்டி நடந்து, ஒற்றைப் பனைமரத்தாண்ட போய் உட்கார்ந்துகொள்ளும். புரை விழுந்த கண்ணோடு ஒரு தடவைகூட வழி தவறினதில்லை. அங்கே அப்போ வயலே இல்லை. கம்பி வேலி போட்டு மனைக்கல் நட்டிருந்தான். ஆயா வேலி ஓரமாக உட்கார்ந்து இல்லாத மாட்டை விரட்டும்.

1998-இல் ஆயா செத்தது. தொரகொல்லை என்பதைப் பைத்தியக்காரப் பேச்சு என்று நினைத்தேன். எவனோ ஒரு துரை எந்தக் காலத்திலோ அங்கே தோட்டம் வைத்திருந்திருப்பான் என்று விட்டுவிட்டேன். பல வருஷம் கழித்து ஒரு ராத்திரி திரமென்கீர் அறிக்கையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். 'கலெக்டர் துரை' என்று எழுதின கை அப்படியே நின்றது. துரை இருந்த கொல்லையா, துரை கொடுத்த கொல்லையா?

ஆயா அறுபதில் சொன்ன கதையில் இந்தப் பேரு இல்லை. ஏன் என்றால் அந்தக் கதை பறிபோனதைப் பற்றியது. எண்பதில் சொன்னதிலும் இல்லை. அது பயத்தைப் பற்றியது. பறிபோனதும் பயந்ததும் கரைந்த பிறகு, கலியாணமாகி வந்த புதுசில் மாமனார் வீட்டில் புழங்கின பேரு மட்டும் அடியிலிருந்து மேலே வந்தது. எனக்கு வேண்டிய சாட்சியை ஆயா சொன்னது, அதற்குப் புத்தி சரியில்லை என்று நாங்கள் முடிவு கட்டின பிறகுதான்.

5

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் என் பொய்யையும் சொல்லியாக வேண்டும்.

2007-இல் அந்த நிலம் பற்றி மனு போட்டோம். அந்தச் சமயம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கமெல்லாம் கம்பெனி வந்து நிலத்தின் விலை தலைகால் தெரியாமல் ஏறிக்கொண்டிருந்தது. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். "உங்க குடும்ப அனுபவத்துல இருந்துதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார் அதிகாரி. நான் தயங்காமல் சொன்னேன். "சின்ன வயசுல எங்க ஆயாவோட அந்தக் கொல்லைக்குப் போயிருக்கேன் சார். பனைமரத்தடியில உக்காந்து பச்சைக் கேவுரு கதிரை நெருப்புல வாட்டித் தின்னிருக்கேன்." சொல்லும்போதே அந்தக் கருகல் வாசனை என் மூக்கில் ஏறியது.

வெளியே வந்ததும் அம்மா கேட்டது. "எந்தக் கொல்லையில கேவுரு தின்ன? அது பூடுச்சி, நீ பொறக்கறதுக்கு இருபத்துநாலு வருசம் முன்னாடியே. நானே பாத்ததில்ல, நீ எப்படிப் பாத்த?"

நான் 1967-இல் பிறந்தவன். நிலம் போனது 1943. நான் வாட்டித் தின்றது வேறு ஒருத்தன் கொல்லையில், அம்மா கூலிக்குப் போன இடத்தில். ஆயாவின் கதையை நூறு தடவை கேட்டு, ஞாபகம் தப்பின காலத்தில் பனைமரத்தடியில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, ரெண்டையும் முடிச்சுப் போட்டு, எனக்கே எனக்கென்று ஒரு நினைவைத் தைத்துவிட்டேன். நாற்பது வயசில், நல்ல புத்தியோடு, அதிகாரி முன்னால் அதைச் சாட்சியாகவும் சொல்லிவிட்டேன்.

கேம்பிரிட்ஜில் இருந்த பிரடெரிக் பார்ட்லெட் 1932-இல் ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்கப் பூர்வகுடிகளின் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, நாள் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். தோணி படகாக மாறியது. புரியாத பேய்க்கதைப் பகுதி கழன்றுபோயிற்று. அவரவர் பழக்கத்துக்கு ஏற்ற மாதிரி கதையைச் செப்பனிட்டுக்கொண்டார்கள். நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைத்த பத்திரம் இல்லை, ஒவ்வொரு தடவையும் புதுசாகக் கட்டுகிற குடிசை என்பது அவர் சொன்னதின் சாரம். நான் கட்டினது போராட்டக்காரனின் குடிசை. ஆயாவின் நினைவில் பயம் புகுந்தது என்றால், என் நினைவில் ஆசை புகுந்தது.

இதை நம் பத்திரிகையில் ஒத்துக்கொள்ளலாமா, எதிராளி கையில் ஆயுதம் கொடுத்த மாதிரி ஆகாதா என்று தோழர்கள் கேட்டார்கள். எதிராளிக்கு என்றைக்கும் ஆயுதப் பஞ்சம் கிடையாது. என் ஒரு பொய்யைக் காட்டி ஆயாவின் தொரகொல்லையையும் பொய் என்று சொல்லுவான். அதனால்தான் அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். மறுவாரமே போய் என் வாக்குமூலத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன்.

6

வயசாவதால் நினைவு கெட்டுத்தான் போகும் என்றும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த ரெட்டைமலை சீனிவாசன் தன் வாழ்க்கையை 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று 1939-இல் புத்தகமாகப் போட்டார். எண்பதை நெருங்கின வயசு. 'பறையன்' பத்திரிகையை 1893-இல் தொடங்கி, தென்னாப்பிரிக்காவில் இருந்து, வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்து, திவான் பகதூர் பட்டமும் வாங்கின மனுசன். அந்தச் சின்னப் புத்தகத்தில் கோயம்புத்தூரில் படித்த காலத்தைச் சொல்லுகிறார். பள்ளியில் ஏறக்குறைய எல்லாரும் பிராமணப் பையன்கள். தன் சாதி தெரிந்துவிடுமோ என்று வெளியே எங்கேயாவது உட்கார்ந்திருந்துவிட்டு, மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போவாராம். விட்டதும் யாரும் கூட வந்து பேச்சுக் கொடுப்பதற்குள் வேகமாக வீட்டுக்குப் போய்விடுவாராம்.

அறுபது வருஷத்துக்கு மேல் பழசான பயம். ஆயா ரோட்டை விட்டு இறங்கினதும் இதுவும் ஒரே வேர்தான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. எந்தப் பொதுத் தெருவிலும் எந்தச் சாதிக்காரனும் நடக்கலாம், பொதுக் கிணற்றைப் புழங்கலாம் என்று 1924 ஆகஸ்டு 22-இல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்ற வைத்ததும் இதே சீனிவாசன்தான். நடக்கும் உரிமையை வாங்கிக் கொடுத்துவிட்டு, கால் ஊன்றி நின்ற பிறகு, தான் ஒளிந்து நடந்ததை அவர் எழுதினார். அவரிடம் வயசு அவமானத்தின் வாயைத் திறந்துவிட்டது. அந்தத் தீர்மானம் வந்தபோது ஆயா பன்னிரண்டு வயசுப் பெண். எண்பத்தஞ்சிலும் அந்த உரிமை அதன் காலுக்கு வந்து சேரவில்லை. அதனிடம் வயசு வாயை மூடிவிட்டது.

ஆக நினைவை வயசு மட்டும் மாற்றுவதில்லை. அந்த வயசில் நாம் எங்கே நிற்கிறோம், யார் போட்ட சோற்றைத் தின்கிறோம், யாருக்குப் பயப்படுகிறோம் என்பதும் சேர்ந்துதான் மாற்றுகிறது. ஞாபக சக்திக்கு வல்லாரை சாப்பிடச் சொல்லுகிறார்கள். நம் கிழவிகளுக்கு அதற்கு முன்னால் சொந்தச் சோறு வேண்டும்.

7

சர்க்காரின் ஞாபகமும் ஒன்றும் சாசுவதம் இல்லை. 1980-இல் கர்ணம் உத்தியோகத்தை ஒழித்தார்கள். பரம்பரைக் கர்ணம் வீட்டுப் பரணில் இருந்த ஏடுகள் எங்கே எங்கேயோ போயின. எண்பதுகளில் நில ஆவணங்களைப் புதுசாக எழுதினார்கள். யார் அனுபவத்தில் இருக்கிறானோ அவன் பேரு ஏறியது. 1997-இல் செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்து எங்களைக் காஞ்சிபுரம் மாவட்டம் என்றார்கள். 2019-இல் மறுபடி பிரித்துச் செங்கல்பட்டை வேறு மாவட்டம் ஆக்கினார்கள். திரமென்கீர் அறிக்கை எழுதின மாவட்டத்தில் இப்போ நாங்களே இல்லை. எங்கள் மனுவுக்கு வந்த பதில், பழைய பதிவேடு கிடைக்கவில்லை என்பது. சர்க்காருக்கு மறந்தால் 'கோப்பு கிடைக்கவில்லை'. கிழவிக்கு மறந்தால் 'நம்பத்தக்க சாட்சி அல்ல'. மனு இன்னும் முடியவில்லை.

தோழர்களுக்கு, முக்கியமாகக் கையில் போனை வைத்துக்கொண்டு ஒரே நாளில் பதிவு பண்ணிவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு, நான் பட்டு அறிந்ததைச் சொல்கிறேன். ஒரு தடவை கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அஞ்சு வருஷம் கழித்து மறுபடி போய்க் கேளுங்கள். கதை மாறினால் திட்டாதீர்கள், எது மாறியது என்று தேதி போட்டு எழுதுங்கள். பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதையும் எழுதுங்கள். வருஷத்தைக் கேட்காதீர்கள், இடத்தைக் கேளுங்கள். கொல்லை, தாங்கல், மதகு, மேடு இவற்றின் பேரைக் கேளுங்கள். முடிந்தால் கூட நடந்து போங்கள். பெரியவர்கள் சொன்னதையும் நீங்கள் கேட்டதிலிருந்து கட்டிக்கொண்டதையும் ஒரே தாளில் எழுதாதீர்கள். புத்தி தடுமாறினவர்கள் பேசுவதையும் எழுதுங்கள், அதை ஆதாரம் என்று அவசரப்படாமல் எழுதுங்கள். நான் தொரகொல்லை என்ற பேரை மட்டும் வைத்து வழக்காடவில்லை. அம்மாவைத் தனியாகக் கேட்டேன். கலியாணமாகி வந்த புதுசில் ஒரு பெரிய மாமா அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டதாகச் சொன்னது. அம்மா சொன்ன நாளைத் தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு இப்போ எண்பது நெருங்குகிறது. போன மாசம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிட்டது. என் பேரைச் சொல்வதற்குள் ரெண்டு பேரைச் சொல்லி வருகிறது. நான் அறுபதைத் தொடப் போகிறேன். வாலாஜாபாத் ரோட்டில் கன்டெய்னர் லாரி விடாமல் போகிறது. ஒற்றைப் பனைமரம் இருந்த இடத்தில் இப்போ காம்பவுண்டு சுவர்.

போன ஞாயித்துக்கிழமை என் மகளிடம் நோட்டைக் கொடுத்து அம்மா பக்கத்தில் உட்கார வைத்தேன். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். நான் இருந்தால் அம்மா எனக்குப் பிடித்த மாதிரி சொல்லும். திரும்பி வந்தபோது நோட்டில் ஒரு பக்கம் நிறைந்திருந்தது. மேலே தேதி. அதற்குக் கீழே மகள் எழுதியிருந்த முதல் வரி: 'ஆயா சொன்னது. அப்பா பக்கத்தில் இல்லை.'